சுரங்கத்துக்கு வெளியே இருபது கிலோமீற்றர்

ஜெர்மனியில் கோப்ளென்சுக்கும் ட்ரியருக்கும் இடையில் ரயிலில் எத்தனை தரம் போய்வந்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல ஏலாது. கொக்கெம் ஸ்டேசனை விட்டு வெளிக்கிட்டதும் ரயில் மலைக்குள் புகுந்துவிடும். ஜன்னல் கறுத்து, கண்ணாடியில் என் முகம் தெரியும். 1879-இல் திறந்த சுரங்கம், 4,205 மீற்றர். வெளிச்சம் வரும்போது ஏடிகர்-எல்லர் வந்துவிடும். மோசல் ஆறோ அந்த இடத்தில் பெரிய வளையமொன்று அடித்து, இருபது கிலோமீற்றருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகிறது. முப்பது வருசத்துக்கும் கூடுதலாக இந்த ஆற்றங்கரையில் சீவிக்கிறேன். அந்த வளையத்துக்குள் இருக்கும் ஊர்களில் ஒன்றைத்தானும் நான் கண்டதில்லை.

போன ஒக்ரோபரில் ட்ரியரில் இருந்து கோப்ளென்ஸ் வரைக்கும் சைக்கிளில் போனேன். ஏறக்குறைய 200 கிலோமீற்றர், மூன்று நாள். வெளிக்கிட முதல்நாள் மனைவி றொட்டி சுட்டு, கட்டுச்சம்பல் இடித்து, வாழையிலை இல்லாதபடியால் பேப்பரில் சுற்றித் தந்தாள்.

"இஞ்சாருங்கோ, ரயில் ஒன்றரை மணித்தியாலத்தில கொண்டுபோய் விடுது. பிறகென்னத்துக்கு உந்த உழக்கு?"

என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. ஊரில் ஒருத்தரும் சும்மா சைக்கிள் உழக்கியதை நான் பார்த்ததில்லை. ஐயாவின் றலி சைக்கிள் விடிய நாலு மணிக்கே வெங்காய மூட்டையோடு சுன்னாகம் சந்தைக்குப் போகும். திரும்பி வரும்போது கரியரில் தவிட்டு மூட்டை, பாரில் நான். அது சுமக்காதது எதுவுமில்லை: விறகு, கிடுகு, ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மம்மா. தொண்ணூறுகளில் கரண்டும் பெற்றோலும் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்பதாகத் தங்கச்சி கடிதம் எழுதினாள். அதே றலிதான்.

ஜெர்மனியில் எனக்குக் கிடைத்த முதல் சைக்கிள் குப்பையில் கிடந்தது. 1987 கடைசியில் வந்தேன். வேண்டாமென்று தெருவில் வைக்கும் பெரிய சாமான்களை இங்கே ஷ்பெர்முல் என்பார்கள். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்களின் கதிரை, கட்டில், ரீவி எல்லாம் அப்படி வந்தவைதான். எனக்குக் கிடைத்ததில் முன்சில்லு நெளிந்திருந்தது. நிமிர்த்தி, ரியூப்புக்கு ஒட்டுப்போட்டு, ஓடவைத்தேன்.

என்னோடு ஒரே விமானத்தில் வந்த கூட்டாளியை வேறு மாவட்டத்தில் விட்டிருந்தார்கள். நாற்பது கிலோமீற்றர் தூரம். தம்பியார் ஊரில் செத்துப்போன செய்தி அவனுக்கு வந்த கிழமை, அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அரைவழிகூடப் போகவில்லை, பொலிஸ் மறித்தது. 1982-இல் கொண்டுவந்த அகதிச் சட்டத்தின்படி, வழக்கு முடியும்வரை எங்களை விட்ட மாவட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். எல்லை தாண்ட எழுத்தில் அனுமதி வேண்டும். செத்தவீடு என்று எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில் சொல்லிப் பார்த்தேன். தண்டம் எழுதினார்கள். கைச்செலவுக்குத் தந்த காசு இரண்டு மாதத்துக்கு அதிலேயே போயிற்று. மாவட்டத்தின் பேர் இங்கே வேண்டாம். எந்த மாவட்டமாக இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். 2015-இல் அந்தக் கட்டுப்பாட்டை நன்றாகத் தளர்த்தி, பொதுவாக முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் என்றாக்கினார்கள். அந்தச் செய்தியைத் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் வாசித்தபோது கை நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்தக் கூட்டாளி இப்போது இருப்பது கோப்ளென்சில். போனமுறை போய்ச் சேராத வீட்டுக்குத்தான் இந்தமுறை போனேன் என்று மனைவிக்குச் சொல்லியிருக்கலாம். முதல்நாள் மத்தியானம் உழக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அது எனக்கே விளங்கியது.

ட்ரியரில் போர்ட்டா நிக்ரா என்ற கறுத்த ரோமன் வாசலடியில் ஏறிக் குந்தினேன். ஆற்றில் நல்ல புகார், எதிர்க்கரை தெரியவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒக்ரோபர் என்றால் பத்து, பதினொரு மணிவரைக்கும் அப்படித்தான். விரல் விறைத்தது, தடித்த கையுறை கொண்டுபோகாமல் விட்டது பிழை. பிறகு ஒரு வளைவில் புகார் மேலே கிளம்ப, மலை முழுக்க மஞ்சள். றீஸ்லிங் என்ற திராட்சைக் கொடியின் இலை இந்த நேரத்தில் பழுத்துப்போயிருக்கும். கீழே கறுப்புக் கற்பலகை மண், பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கும் மண். மஞ்சளும் கறுப்பும் அப்படியே தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தன. ட்ரியரில் இருந்து கோப்ளென்ஸ் வரை ஆற்றை மறித்துப் பத்து அணைகள் உண்டு. கப்பல் போக்குவரத்துக்காக 1964-இல் முடித்த வேலை. அதனால் தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் நிற்கிறது. கரையோரப் பாதையும் சமதரை. யாழ்ப்பாணத்துக் காலுக்கு அதுதான் வேணும். ஏற்றம் பழகாத ஊர் எங்களுடையது.

மலையில் ஆட்கள் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயாவும் கொஞ்சக் காலம் முந்திரிகைப் பந்தல் போட்டிருந்தார். திராட்சையை ஊரில் நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்லுவோம். சீமெந்துத் தூண் நட்டு, மேலே கம்பி இழுத்த பந்தல். கீழே நிழலில் பாயைப் போட்டுப் படுக்கலாம். இங்கே செங்குத்துச் சரிவில் கொடிக்கொரு தடி. இரண்டு கிளையை வளைத்து அடியில் கட்டிவிடுகிறார்கள், பார்க்க இதயம் வரைந்த மாதிரி. பிறெம் ஊருக்கு மேலே கல்மோன்ட் என்ற மலையில் சரிவு 65 பாகை வரைக்கும் போகிறது. அதில் மிஷின் நிற்காது. ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன வண்டியொன்று ஆட்களையும் பழத்தையும் ஏற்றி இறக்குகிறது. வெட்டுகிறவர்களில் கனபேர் போலந்து, ருமேனியா ஆட்கள். அண்ணாந்து கைகாட்டினேன். அந்த உயரத்திலிருந்து ஒரு பெட்டை வெட்டுக்கத்தியோடு கையைத் தூக்கிக் காட்டினாள்.

முதல்நாள் பின்னேரம் விழுந்தேன். ட்ரெக்டர் பெட்டியிலிருந்து சிந்திய பழக்கூழ் பாதையில் சளிபோலக் கிடந்தது, முன்சில்லு வழுக்கிவிட்டது. முழங்கால் தோல் உரிந்தது, அவ்வளவுதான். முற்றத்தில் பழப்பெட்டி கழுவிக்கொண்டிருந்த வயதான அம்மா ஓடிவந்து, குழாய்த் தண்ணீரில் காயத்தைக் கழுவிவிட்டா. பிறகு வெங்காயம் போட்டுச் சுட்ட ஒரு துண்டு கேக்கும், ஒரு கிளாஸ் ஃபெடர்வைசரும் கொண்டுவந்து வைத்தா. அது பாதி நொதித்த முந்திரிகைச் சாறு. போத்தலை இறுக்கி மூட ஏலாது, வெடித்துவிடும். மங்கலான வெள்ளை, நுரை, இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. ஒரு மிடறு உள்ளே போனதும் எனக்கு விடியக்காலை இறக்கிய பனங்கள்ளின் மணம் வந்தது. காலையில் இருந்த ருசி பின்னேரம் இருக்காது என்று ஐயா சொல்லுவார். அதையே அந்த அம்மாவும் சொன்னா, நாளைக்கு இது வேறை மாதிரி என்று.

இன்னொன்றும் அவவிடம் படித்தேன். ஹெர்ப்ஸ்ட் என்றால் இலையுதிர்காலம் என்றுதான் பாஷை வகுப்பில் எழுதவைத்தார்கள். இந்தக் கரையில் பழையவர்கள் முந்திரிகை அறுவடைக்கும் அதே சொல்லைச் சொல்லுகிறார்கள். "எங்கட ஹெர்ப்ஸ்ட் இன்னும் முடியேல்லை" என்றா, மலையைக் காட்டி. எனக்கு இத்தனை வருசமும் அந்தச் சொல் வேலைக்குப் போகும்போது இருட்டு, வரும்போதும் இருட்டு என்ற பருவத்தின் பேராகத்தான் இருந்தது.

பேர்ண்காஸ்டலில் முதல் இரவு. இரண்டாம் நாள் ரைல் ஊரைத் தாண்டியதும் மாவட்ட எல்லை வரும் என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். பேர்ண்காஸ்டல்-விட்லிஹ் முடிந்து கொக்கெம்-செல் தொடங்கும் இடம். கொடித் தோட்டத்துக்கு நடுவில் போகும் பாதை. எல்லை என்று காட்ட என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அக்ரோட் மரத்துக் காய்கள் கீழே விழுந்து கிடந்தன. அவை இரண்டு மாவட்டத்திலும்தான் உருண்டு கிடந்திருக்கும். இறங்கி நின்றேன். எதற்கென்று தெரியாது. சேட் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். ஜெர்மன் பிரசை ஆகி எத்தனையோ வருசமாயிற்று, கை இன்னமும் அதைத்தான் தேடுகிறது. எதிர்க்கரைச் சரிவில் 92 வளைவுகளோடு ரயில்பாலம் நீட்டுக்குத் தெரிந்தது. அதன் மேலே சிவப்பு ரயில் ஒன்று போனது. நான் அதில் இருந்து இந்தக் கரையைப் பார்த்திருக்கிறேன், இங்கே பாதை இருந்ததைக் கவனித்ததில்லை. அந்த இடத்திலேயே குந்தி இருந்து றொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன்.

பின்னேரம் அந்த வளையம். எல்லரில் ரயில் சுரங்கத்துக்குள் போக, நான் ஆற்றோடு திரும்பினேன். ஏடிகர், நேரன், சென்ஹைம், மெசனிஹ், பிறீடர்ன். ஒவ்வொன்றிலும் நாலைந்து தெரு, ஒரு கோயில் மணிக்கூடு, தெருவில் நொதிக்கிற சாற்றின் வாசம். வீட்டுச் சுவர்களில் என் தலைக்கு மேலே கோடு கீறி வருசம் எழுதியிருந்தார்கள்: 1993. அந்த டிசம்பர் வெள்ளம் அவ்வளவு உயரம் வந்ததாம். எதிர்க்கரைக்குப் போகும் ஒரு வள்ளம் பைல்ஷ்டைனில் கட்டிக்கிடந்தது. ஊருக்கு மேலே இடிந்த கோட்டை, கீழே கற்படிகள், படியில் ஒரு பூனை. வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது, ஆனால் எதிர்ச்சரிவின் மஞ்சள் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உழக்காமல் நின்றேன். குளிர்கிறது என்று தெரிந்தும் நின்றேன். கொக்கெம் போய்ச் சேர நல்லாய் இருட்டிப்போயிற்று.

மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை தூறியது, காற்று எதிர்க்காற்று. கோப்ளென்சில் மோசல் ரைனோடு சேரும் முனையில் கூட்டாளி குடையோடு நின்றான். தலைமயிர் முழுக்க வெள்ளை. சைக்கிளைப் பிடித்து நிறுத்திவிட்டு, உரிந்த முழங்காலைக் குனிந்து பார்த்தான்.

"தம்பியின்ரை துவசத்துக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு. நிண்டிட்டுப் போவன்."

வேலை இருக்கிறதென்று அடுத்தநாளே வெளிக்கிட்டேன். துவசத்துக்குத் திரும்பி வருவேன் என்று சொல்லித்தான் வந்தேன். சைக்கிளை ரயிலில் ஏற்றிக் கட்டினேன். கொக்கெம் தாண்டிச் சுரங்கம் வந்தது, ஜன்னல் கறுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றோடு ஏறினேன்: ஏர்ன்ஸ்ட், புறுட்டிஹ், ஃபான்கெல், பைல்ஷ்டைன், பிறீடர்ன், மெசனிஹ். சென்ஹைமில் வெளிச்சம் வந்துவிட்டது.