கரண்ட் போனால்: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 17, 2025, வியாழன்

ஆடி ஒன்று. சோமனூர் முழுக்கக் காற்று. காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 18

யுபிஎஸ் வந்துவிட்டது. 600 விஏ, உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. பின்பக்கம் யுஎஸ்பி இருக்கிறது என்பதற்காகவே இதை வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ஒரு சிடி, அதுவும் விண்டோஸுக்கு மட்டும். இந்தக் காலத்தில் சிடி டிரைவ் யார் வீட்டில் இருக்கிறது?

அம்மா எட்டிப் பார்த்தார்.

"இதும் இன்வெர்ட்டராட்டவா கண்ணு?"

"அந்த மாதிரித்தானுங்ம்மா. கரண்ட் போனா கம்ப்யூட்டருக்குச் சொல்லும்."

"சொல்லி?"

நல்ல கேள்வி. அந்தச் 'சொல்லி'க்கு அப்புறம்தான் வேலையே இருக்கிறது.

ஜூலை 19

மாட்டியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்தால் 0665:5161 என்று வருகிறது, பெயர் சைப்ரஸ். யுபிஎஸ் கம்பெனியின் பெயரைக் காணோம். உள்ளே இருப்பது யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் சிப். அது பேசுவது பழைய மெகாடெக் பாஷை. அதனால் யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் 'நட்' மென்பொருளில் எல்லாரும் எழுதிவைத்திருக்கிற யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் இதற்கு ஆகாது, நட்டிஆர்வி_கியூஎக்ஸ் டிரைவர்தான் வேண்டும். யுபிஎஸ்.கான்ஃப் என்ற செட்டிங்ஸ் ஃபைலில் பெயர், டிரைவர், போர்ட் = ஆட்டோ, வெண்டார் எண். நட்.கான்ஃபில் மோட் 'நன்' என்று கிடந்ததை 'ஸ்டாண்ட்அலோன்' ஆக்கினேன். அப்படியும் அனுமதி இல்லை என்றது. டிரைவர் ஓடுவது எல்லா அனுமதியும் உள்ள ரூட்டாக அல்ல, 'நட்' என்ற பயனராக. அதற்கு வழிவிடும் யுடெவ் விதி மென்பொருளோடேயே வந்துவிடுகிறது, ஆனால் கேபிளைக் கழற்றி மாட்டினால்தான் அமலுக்கு வரும். மாட்டினேன். வந்தது.

யுபிஎஸ்சி கட்டளையில் இன்புட் வோல்டேஜ் தெரிகிறது. மத்தியானம் 226. சாயங்காலம் சுற்றிலும் தறிக்குடோன்கள் ஓடும்போது 204. இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

ஜூலை 20

அப்பா இன்று இட்லி சாப்பிட்டார்.

ஜூலை 21

ரிப்போர்ட் இன்றும் இல்லையாம். போனில் பேசிய பெண் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினாள், எரிச்சலாக வந்தது.

பேட்டரி 100 சதவீதம் என்று காட்டுவது கணக்குதான், உண்மை இல்லை. இந்த வகை யுபிஎஸ் சதவீதம் சொல்லாது, வோல்டேஜை மட்டும் சொல்லும். அதை வைத்து டிரைவர் குத்துமதிப்பாகப் போடுகிறது. இதை நம்பி உட்கார முடியாது. எல்பி, அதாவது பேட்டரி தீரப்போகிறது என்ற சேதி வரும்வரை காத்திருக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. நட்டோடு வரும் யுபிஎஸ்ஷெட்டில் ஒரு டைமர் போட்டேன்: கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பாவிட்டால் எஃப்எஸ்டி, அதாவது கட்டாய அணைப்பு, மெஷின் முறையாக அணைந்துவிட வேண்டும்.

ஜூலை 23

தூக்கம் இல்லை. ஒன்று மட்டும் மண்டையில் ஓடுகிறது.

நான் இங்கே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று தூக்கத்திலேயே தெரியும். கோவையில் இருந்தால்? பாவுக் கணக்கு, கூலி பில் எல்லாம் இந்த மெஷினில்தான். அங்கிருந்து இதற்குள் நுழைந்தாக வேண்டும். அணைவது சரி, திரும்ப எழுவது எப்படி? மெஷினின் பயாஸ் செட்டிங்கில் 'கரண்ட் வந்தால் ஆன்' என்று வைத்தாயிற்று. மெஷின் அணையும் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸுக்கும் 'அரை நிமிடம் கழித்து நீயும் அணை' என்று கட்டளை போகிறது. கரண்ட் திரும்பினால் யுபிஎஸ் எழும், அதைப் பார்த்து மெஷின் எழும். சரி. ஆனால் எல்லாம் அணைந்துகொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்துக்குள் கரண்ட் வந்துவிட்டால்? யுபிஎஸ் கட்டளையை மதித்து ஒருமுறை அணைந்து எழ வேண்டும். மதிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், மெஷினைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. யாராவது பட்டனை அமுக்கும்வரை கிடக்கும். ஆடிக்காற்றில் கரண்ட் அப்படித்தானே, போய் ஆறு நிமிடத்தில் வரும்.

அதற்கும் வழி இருக்கிறது. நட்.கான்ஃபில் பவர்ஆஃப்_வெயிட் என்று ஒரு வரி. கட்டளை போன பிறகும் மின்சாரம் நிற்கவில்லை என்றால், சொன்ன நேரம் காத்திருந்து மெஷின் தானே ரீபூட் ஆகிவிடும். 15 நிமிடம் போட்டேன். இந்த அசம்பாவிதத்தை முன்பே யோசித்து எழுதிவைத்த ஆள் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அப்பா மூன்று மணிக்கு இருமினார்.

ஜூலை 25

தென்னை மட்டை கம்பியில் விழுந்து மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. தறி நின்றது. ஐந்து நிமிடம். மெஷின் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் யுபிஎஸ்ஸும் ஒரு 'டக்'கோடு அணைந்தது. நாலரைக்குக் கரண்ட் வந்ததும் இரண்டும் எழுந்தன. நான் தொடவே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"செரி, வந்து சோறு உண்ணு."

ஜூலை 28

ரிப்போர்ட் வந்தது. புதன்கிழமை அட்மிஷன்.

ஜூலை 29

டைமரை ஐந்திலிருந்து மூன்று நிமிடமாக்கினேன். மோடத்தையும் யுபிஎஸ்ஸிலேயே மாட்டிவிட்டேன், மானிட்டரைக் கழற்றிவிட்டேன். 'பீப்' சத்தத்தையும் அணைத்தாயிற்று, ஆளில்லாத வீட்டில் யாருக்காகக் கத்த வேண்டும்? சாவி பெரியம்மா வீட்டில். அவரிடம் பட்டனைக் காட்டலாம் என்று போனேன், "அதையெல்லாம் நாந்தொட மாட்டேன் சாமி" என்றுவிட்டார்.

அப்பா பையை அவரே அடுக்கிவைத்திருக்கிறார். ஆடி பதினெட்டுக்கு வந்துவிடலாமா என்று கேட்டார். பார்க்கலாமுங்கப்பா என்றேன்.

ஜூலை 31

ராத்திரி 2.10க்கு மெஷின் எட்டவில்லை. 2.50க்கு எட்டியது. நடந்ததைப் பதிந்திருக்கும் லாக் ஃபைலைத் திறக்கப் போனேன், நர்ஸ் கூப்பிட்டார்.