ஒரே நாளில் ஓர் ஒலிம்பிக்

இன்று முழுக்க ஆலிஸ் மில்லியா நினைப்புதான்.

ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த காலம். பெண்களையும் சேருங்கள் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். சரி, நாமே நடத்துவோம் என்று இறங்கிவிட்டார் இந்தப் பிரெஞ்சுக்காரர். 1922 ஆகஸ்ட் 20, பாரிஸ், பெர்ஷிங் மைதானம். 5 நாட்டுப் பெண்கள், 11 போட்டிகள், எல்லாம் ஒரே நாளில்!

குண்டு எறிதலில் வலக்கையால் ஒரு முறை, இடக்கையால் ஒரு முறை எறிந்து இரண்டையும் கூட்டுவார்கள். அமெரிக்காவின் லூசில் காட்பால்ட் 20.22 மீட்டர் சேர்த்து ஜெயித்தார். அந்த இடக்கை எறிதலைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா!

'ஒலிம்பிக்' என்ற பெயரை வைத்ததில் ஒலிம்பிக் கமிட்டிக்குக் கோபம். பேரம் நடந்து, 1926இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்த அடுத்த போட்டிகளில் பெயர் மாறியது. அங்கே ஜப்பானிலிருந்து தனி ஆளாக வந்தவர் கினுவே ஹிட்டோமி. நீளம் தாண்டுதலில் 5.50 மீட்டர், உலக சாதனை.

அப்புறம் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 5 தடகளப் போட்டிகள். 800 மீட்டரில் ஹிட்டோமிக்கு வெள்ளி. ஓடியவர்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அதைச் சாக்கிட்டு 800 மீட்டரையே நீக்கிவிட்டார்கள். அந்த ஓட்டம் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1960இல்தான். 32 வருடம்! மனசு ஆறவே இல்லை.