அரை அங்குலம்

எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி வட்ஸ்அப்பில் வந்தபோது, லண்டன் சிசிக் விகாரையில் பாற்சோற்றுத் தட்டோடு நின்றிருந்தேன். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை. தலைக்கு மேலே வெளிச்சக்கூடுகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் கடையில் வாங்கி விரித்துக் கட்டியவை. ஒன்றுகூடக் கோணவில்லை.

அவரிடம் படித்த உங்களுக்குச் சேரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நெற்றியில் மூன்று குறி, சட்டைப் பையில் சோக்குக் கட்டி, பிந்தி வருபவனுக்கு வாசலிலேயே வாய்ப்பாடு. வெசாக் வந்தால் மட்டும் அந்தச் சைவப்பழம் வேறு ஆளாகிவிடும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர் அல்லவா? அங்குள்ள தீபதுத்தமாராமய விகாரையைக் கடக்கும்போதெல்லாம், "1885இல பௌத்தக் கொடியை முதல்முதல் ஏத்தினது இங்கதான். வெசாக்குக்கு அரசாங்க லீவு கிடைச்சதும் அந்த வருசம்தான்" என்று சொல்லாமல் விடமாட்டார். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். வரிசை பிசகினால் குட்டு.

மூங்கில் சிலாகை, டிசுத்தாள், கோதுமை மாப் பசை, அந்தப் பசையை நக்கிப் பார்க்கும் ஒருவன். பள்ளிக்கூடத்தில் வெசாக் கூடு கட்டச் சிங்கள வகுப்புகளோடு போட்டி. 1991இல் எங்கள் வகுப்பு அட்டபட்டத்துக்கு, அதாவது எட்டுப் பட்டை வெளிச்சக்கூட்டுக்கு, சட்டம் வெட்டியவன் நான். எல்லாச் சட்டமும் ஒரே நீளம் இருக்கவேண்டும். ஒன்று அரை அங்குலம் குறைந்துவிட்டது. புதிதாக வெட்டப் பஞ்சி. ஈர்க்கை முறித்து நூலால் ஒட்டுப்போட்டு, மேலே வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்துகொண்டேன்.

மண்டபத்தில் ஏற்றியபோது கூடு வெறிகாரனைப் போல ஒரு பக்கம் சரிந்தது. கயிற்றைப் பிடித்தபடியே சேர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, இது ஏன் சரியுது?"

"காத்து, சேர்."

மண்டபத்துக்குள் காற்று! சிங்கள வகுப்புக்காரருக்கும் அந்தத் தமிழ் விளங்கியிருக்கவேண்டும், சிரிப்பு அடங்க வெகுநேரம் சென்றது. சேர் சிரிக்கவில்லை. தாளை நகத்தால் கீறி, ஈர்க்கை உருவி, என் கையில் தந்தார். விழா முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரை நான் மன்னிக்கவில்லை. அன்றிரவே எங்களைப் பொரளையில் வெசாக்குக்குக் கட்டிய மின்விளக்குத் தோரணம் பார்க்கக் கூட்டிப்போனதை லஞ்சம் என்றுதான் நினைத்தேன். றோட்டில் தமிழ் கதைக்கப் பயந்த காலம். பையில் அடையாள அட்டையைத் தடவியபடி, சோதனைச்சாவடி தாண்டும்வரை ஊமைகளாக நடந்தோம். இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசையில் நின்று சேர் மட்டும் உரத்த தமிழில் பாடம் எடுத்தார்: "பல்ப் ஓடுற ஒழுங்கைப் பாருங்கோடா, ஒண்டு அணையத்தான் மற்றது பத்துது." கடலை அள்ளிக்கொண்டிருந்த பெடியன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். எனக்கு வயிறு கலங்கியது. பிறகு அவன் சேரின் தாளில் இன்னொரு கரண்டி போட்டான்.

1995இல் புறப்பட்டபோது சேரிடம் சொல்லவில்லை. விசா விஷயம் வெளியே போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தா. இவ்வளவு காலமும் அதைத்தான் காரணமாகச் சொல்லிவருகிறேன். காத்து, சேர். 2012இல் ஒன்பது நாள் கொழும்பில் நின்றேன். கொட்டாஞ்சேனை வழியாக இரண்டு தடவை ஓட்டோவில் போனேன். இறங்கவில்லை.

நினைவு மலர்க்குழு சேரின் படம் ஒன்று கேட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த விழாப் படம்தான். அதில் சரிந்த கூடு இருக்கிறது, ஈர்க்கோடு நான் நிற்கிறேன். சேர் படத்துக்கு வெளியே. கயிற்றைப் பிடித்த கை மட்டும் விழுந்திருக்கிறது. முகம் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.