வகுப்பறைக்கு எதற்கு மைக்?

வகுப்பறையில் ஒலிபெருக்கி வைக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், "நாற்பது பிள்ளைகள் உட்காரும் அறைக்கு மைக் எதற்கு, இது என்ன பொதுக்கூட்டமா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒலிபெருக்கி என்றாலே சத்தத்தைக் கூட்டும் கருவி என்ற எண்ணத்திலிருந்து அது பிறக்கிறது. வகுப்பறையில் அதன் வேலை வேறு. ஆசிரியர் இயல்பாகப் பேசும் குரல் முதல் வரிசைக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறதோ, அதே தெளிவோடு கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. நான் பாடம் நடத்தும் அறையில் இப்படி ஓர் அமைப்பைப் பொருத்திப் பயன்படுத்தி வருவதால், வாங்கும் முன்பும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவனவற்றை எழுதுகிறேன்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டர் தொலைவில் 65 டெசிபலாக இருக்கும் பேச்சு, இரண்டு மீட்டரில் 59, நான்கு மீட்டரில் 53, எட்டு மீட்டரில் 47 என்று இறங்கிவிடும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இறக்கம் இவ்வளவு இருக்காது என்றாலும், அப்படித் திரும்பி வரும் ஒலி தாமதமாக வந்து எழுத்துகளைக் கலங்கடிப்பதால் அதைப் பெரிய ஆதாயமாகக் கொள்ள முடியாது. குழந்தைகள் சிரமமின்றிக் கேட்க வேண்டுமானால் ஆசிரியரின் குரல் பின்னணி இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. வகுப்பறைகளுக்கென்று 2002-இல் வந்த அமெரிக்கத் தேசியத் தரம், ஆளில்லாத அறையில் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. பிள்ளைகள் வந்து அமர்ந்து, மின்விசிறியும் ஓட ஆரம்பித்த பிறகு 50 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், பின்வரிசையில் கணக்கு எப்படி இடிக்கிறது என்பதை யாரும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இழப்பு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உயிரொலிகளுக்கு வலு அதிகம். அவை எவ்வளவு தூரமானாலும் ஒருவாறு போய்ச் சேர்ந்துவிடும். சொல்லை வேறுபடுத்திக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் மெலிந்தவை, குறுகியவை. இரைச்சலில் முதலில் மூழ்குபவையும் அவையே. வலி, வளி, வழி என்ற மூன்றையும் பின்வரிசைக்கு ஒருமுறை சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் விட்டுப்போன எழுத்தை வாக்கியத்தின் பொருளைக்கொண்டு நிரப்பிக்கொள்வார்கள். அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முறையாகக் கேட்கும் குழந்தைக்கு நிரப்பிக்கொள்ள எதுவுமில்லை.

ஆசிரியரின் தொண்டையும் கணக்கில் வர வேண்டும். இரைச்சல் கூடும்போது நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விளக்கியதால் அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் குரல் சிக்கல் உள்ள ஆசிரியர்களைக் கொண்டு நெல்சன் ராய் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், உடலில் அணியும் சிறு ஒலிபெருக்கியோடு பாடம் நடத்தியவர்களின் சிக்கல் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. குரலைப் பேணும் அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. வெந்நீர் குடியுங்கள், குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று நாள் முழுவதும் பேசியே ஆக வேண்டியவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு மைக்கைக் கொடுப்பது மேல் என்றே நான் நினைக்கிறேன்.

ஆயினும் கருவி வாங்கும் முன் அறையைப் பார்க்க வேண்டும். வெற்று அறையில் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டினால், ஓசை சட்டென அறுபடுகிறதா, இழுத்துக்கொண்டு போகிறதா என்பது தெரிந்துவிடும். இந்த இழுவைக்கு எதிர்முழக்கம் என்று பெயர். மேலே சொன்ன அமெரிக்கத் தரம் வழக்கமான அளவுள்ள வகுப்பறைகளுக்கு இதை 0.6 நொடிக்குள் நிறுத்தச் சொல்கிறது. அறை ஒலியியல் என்ற துறையே ஒரு விரிவுரை அறையின் தொல்லையிலிருந்து பிறந்ததுதான். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்றதும், அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அங்கே ஒரு சொல் ஏறக்குறைய ஐந்தரை நொடி வரை ஒலித்துக்கொண்டிருந்ததாம். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று அளந்து அளந்தே அவர் தம் சூத்திரத்தைக் கண்டடைந்தார். அவருக்கு அன்று ஒலிபெருக்கி கிடைத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. முழங்கும் அறையில் ஒலியைப் பெருக்கினால் முழக்கமும் சேர்ந்தே பெருகும். எனவே தடித்த திரை, சுவரில் துணியோ கார்க்கோ ஒட்டிய பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி, கதவிடுக்கை அடைப்பது என்று செய்ய முடிந்தவற்றை முதலில் செய்துவிட வேண்டும்.

மைக்கிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குக் குரல் எந்த வழியில் போக வேண்டும் என்பது அடுத்த தேர்வு. அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் மைக் சுவரைத் தாண்டாது என்பதால் அடுத்தடுத்த அறைகளில் ஒரே வகையைப் பொருத்தினாலும் ஒருவர் குரல் மற்றவர் அறையில் கேட்காது. கதிரை வாங்கும் உணரியின்மேல் நேரடி வெயில் விழுந்தாலோ, மைக்குக்கும் உணரிக்கும் நடுவே மறைப்பு வந்தாலோ தடுமாறும். ரேடியோ அலையில் இயங்குவது ஆசிரியர் எந்தப் பக்கம் திரும்பினாலும் விடுபடாது, ஆனால் அறைக்கு அறை அலைவரிசையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாட்டு கேட்கும் சாதாரண புளூடூத் ஸ்பீக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்: அதில் குரல் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதித்து வருவதால், நேரடிக் குரலும் பெட்டியின் குரலும் இரண்டாகக் கேட்கும்; பேசுபவருக்கே நாக்குத் தடுமாறும்.

ஸ்பீக்கர்களைப் பொறுத்தவரை, கரும்பலகைக்கு மேலே பெரிய பெட்டி ஒன்றை மாட்டுவதுதான் பலரும் முதலில் நினைக்கும் வழி. அதில் முன்வரிசையின் காது அடைக்கும், பின்வரிசைக்கு அப்போதும் போதாது. அறைக்கு வெளிச்சம் தர ஒரு மூலையில் கண்கூசும் விளக்கை மட்டும் எரியவிடுவது போன்றது அது. சிறிய ஸ்பீக்கர்கள் நான்கைக் கூரையிலோ பக்கச் சுவர்களிலோ பரப்பி, ஒவ்வொன்றையும் மெல்ல ஒலிக்கவிட்டால் எந்தக் குழந்தைக்கும் ஒரு ஸ்பீக்கர் அருகில் இருக்கும். எடுத்துச் செல்லும் ஒற்றைப் பெட்டிதான் கிடைக்கும் என்றால், அறை நீளத்தின் நடுவே பக்கச் சுவரோரம், உட்கார்ந்த பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே வைக்கலாம். மூலையில் வைத்தால் அடித்தொனி, அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, வீங்கிப் பேச்சு குழைந்துவிடும்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் கேட்பது மைக்தான். பெட்டியின் வலுவைப் பற்றி விசாரிப்பவர்கள், மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்பதே இல்லை. அந்தத் தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குள் போகும் குரல் 6 டெசிபல் கூடுகிறது. அறையின் இரைச்சல் கூடுவதில்லை. இந்த ஆதாயத்தை எந்த விலையுயர்ந்த கருவியாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே தலையில் மாட்டும் மைக்கே என் தேர்வு. அதை உதட்டுக்கு நேர் எதிரே வைத்தால் பகரமெல்லாம் வெடிக்கும் என்பதால் வாயோரத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். கழுத்தில் தொங்கும் வகை வசதியானது. மோவாய்க்கு ஒரு சாண் கீழே நின்றால் போதும், வயிறு வரை தொங்கவிடக் கூடாது. சங்கிலியும் துப்பட்டாவும் உரசும் ஓசை வகுப்பு முழுவதற்கும் கேட்கும்.

ஒலியளவை அமைப்பதை ஆளில்லாத அறையில் முடித்துவிடக் கூடாது. பிள்ளைகளின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால் நிறைந்த அறையின் அளவு வேறாகும். மைக்கை அணிந்துகொண்டு வழக்கமாக நடமாடும் இடங்களில் எல்லாம் நின்று பேசியபடி, ஒருவரை ஒலியை மெல்ல ஏற்றச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து சுற்றத் தொடங்கியதும் அந்த ஊளைச் சத்தம் எழும். அது எழும் இடத்திலிருந்து ஏறத்தாழ 6 டெசிபல் இறக்கி அங்கேயே நிறுத்தலாம். அடித்தொனியைச் சற்றுக் குறைத்தால் மெய்யெழுத்துகள் இன்னும் துலங்கும். பிறகு ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்களை வாசித்து எழுதச் சொல்லிச் சோதிக்கலாம். வாக்கியமாக வாசித்தால் ஊகித்து எழுதிவிடுவார்கள். மைக் ஓடுகிறது என்பதே பிள்ளைகளுக்கு உறைக்காமல், அணைக்கும்போது மட்டும் ஏதோ குறைந்ததுபோல் தோன்றினால் அளவு சரி.

பயன்படுத்தும்போது மைக்கை ஊமையாக்கும் பொத்தான்மேல் விரல் பழக வேண்டும். ஒரு மாணவனின் மேசைக்குக் குனிந்து அவன் தவற்றைத் தனியாகச் சொல்வது அறை முழுவதும் ஒலிபரப்பானால், அதற்குப் பிறகு அவன் நம்மை அருகே அழைக்க மாட்டான். குழுவாகப் பேசும் வேளையில் அமைப்பையே அணைத்துவிடலாம். இரவில் சார்ஜில் போடுவது யார் பொறுப்பு என்று முடிவாக வேண்டும். இரண்டு பேர் பொறுப்பு என்றால் இருவருமே போட மாட்டார்கள்.

காது கேட்கும் கருவி அணிந்த குழந்தை வகுப்பில் இருந்தால், அறை முழுவதற்குமான இந்த அமைப்பு அக்குழந்தையின் கருவிக்கு நேரே குரலை அனுப்பும் தனி மைக்குக்கு மாற்றாகாது. இரண்டையும் இணைக்கும் வசதி பெட்டியில் உண்டா என்று வாங்கும்போதே கேட்டு, குழந்தையின் கேட்டல் நிபுணரிடமும் காட்டிவிடுவது நல்லது.

மாணவர்களுக்கென்று ஒரு கைமைக்கும் வாங்குங்கள். முன்வரிசைக் குழந்தை முணுமுணுக்கும் விடை பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்பதேயில்லை. ஆசிரியர் அதைத் திருப்பிச் சொல்லியே பாதி நேரம் போகிறது. மைக் கைமாறும்போது அதன் வலைத் தலையைப் பொத்திப் பிடிக்காமல் கீழே பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பொத்தினால் உடனே ஊளையிடும். அந்த மைக் கையில் வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு: வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காதவர்கள் சிலர், மைக்கில் என்றால் வாசிக்கிறார்கள்.