பனியிலிருந்து கடல்வரை: கிரனாடா நாட்குறிப்பு

மே 6, கிரனாடா, தெற்கு ஸ்பெயின்

அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவில் நல்ல கூட்டம். அரண்மனைகளைவிட ஹெனராலிஃபே தோட்டத்தில்தான் அதிக நேரம் நின்றேன். அங்கே ஒரு படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேலேயே தண்ணீர் ஓடுகிறது. கையை நனைத்துக்கொண்டே இறங்கலாம். தார்ரோ ஆற்றை மேலே மறித்து, மலையோரமாகவே வாய்க்கால் வெட்டி இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் வம்சத்தினரான நாஸ்ரித் அரசர்கள். சரி, இனி இந்த மாகாணத்தைத் தண்ணீர் போகும் வழியிலேயே பார்ப்போம்.

மே 8, கப்பிலெய்ரா

பஸ் வளைந்து வளைந்து அல்புஹார்ரா மலைக்குள் ஏறியது. பொக்கெய்ரா பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா என மூன்று வெள்ளை ஊர்கள், ஒன்றுக்கு மேலே ஒன்று. தட்டையான கூரைகளில் லௌனா என்ற சாம்பல் நிறக் களிமண்ணைப் பரப்பியிருக்கிறார்கள். மழைநீர் உள்ளே இறங்காது. பம்பனெய்ராவில் ஒரு தெருவின் நடுவிலேயே வாய்க்கால் சலசலத்து ஓடுகிறது.

மே 9

காலையிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே நடை. எதிரே சியெர்ரா நெவாடா மலைத்தொடர், உச்சியில் இன்னும் பனி. முல்ஹாசென் சிகரம் 3,479 மீட்டர். அங்கிருந்து கடல் நேர்க்கோட்டில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு செங்குத்தான மலையில் பனி உருகினால் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். அதைத் தாமதப்படுத்த முஸ்லிம் ஆட்சிக்கால உழவர்கள் கண்ட வழிக்குப் பெயர் 'கரேயோ'. வசந்தத்தில் உருகும் நீரை உயரத்திலேயே வாய்க்காலில் திருப்பி, நீர் இறங்கக்கூடிய மண்ணாகப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். அது மலைக்குள் மெல்ல ஊர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, கோடையில் கீழே ஊற்றாக வருகிறது. வாய்க்காலில் கசிவு இருந்தால் குறை என்றுதான் நினைப்போம். இங்கே கசிவதுதான் வேலையே; வழியெல்லாம் கஷ்கொட்டை மரங்கள் அதைக் குடித்துத்தான் நிற்கின்றன.

1568இல் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாயத்தால் கிறிஸ்தவர்களாக மாறிய முஸ்லிம்கள், ஸ்பெயின் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். தோற்றதும் அவர்களை இந்த மலையிலிருந்தே துரத்தினார்கள். அவர்கள் வெட்டிய வாய்க்கால்களில் இன்றும் நீர் ஓடுகிறது. இதை நினைக்காமல் இங்கே நடக்க என்னால் முடியவில்லை.

மே 10, த்ரெவெலெஸ்

பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. உப்பும் மலைக்காற்றும் மட்டுமே பக்குவப்படுத்துகின்றன, புகை போடுவதில்லை. மாலையில் குளிர்.

மே 12, சலோப்ரேன்யா

மலைநீரெல்லாம் குவாதல்ஃபெயோ ஆறாகி இங்கேதான் கடலில் சேர்கிறது. பாறைமேல் கோட்டை, சரிவில் வெள்ளை வீடுகள். அரபியர் கொண்டுவந்த கரும்பு நூற்றாண்டுகளாக விளைந்த சமவெளி இது. கடைசி ஆலையை 2006இல் மூடிவிட்டார்கள். இப்போது மா, அவகாடோ, சீத்தாவின் உறவான சிரிமோயா. அவகாடோவின் தாகம் பெரிது. மேலே ரூலெஸ் அணையை 2004இல் திறந்தும், வயல்களுக்கு நீர் கொண்டுபோகும் குழாய்ப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. அணைக்குச் செலவழிப்பவர்கள் மேலே அந்தப் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். கரேயோ நின்றால் முதலில் வற்றுவது மலையூர்களின் ஊற்றுகள்.