அவன் என்று எழுதிய இடங்கள்

புத்தகம் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் பாதி நேரம் எனக்குப் பதில் தெரியாது. எந்தப் பக்கத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, எங்கே ‘ர’ போட வேண்டிய இடத்தில் ‘ற’ விழுந்திருந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். மெய்ப்புப் பார்க்கிறவர்களின், அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துகிறவர்களின், கண் அப்படிப் பழகிவிடுகிறது. எழுத்தைப் பார்க்கும், கதையைப் பார்க்காது. பதினெட்டு வருடம் அப்படித்தான் ஓடியது, அந்த நாவல் என் மேசைக்கு வரும்வரை.

320 பக்கம், அச்சுக் கணக்கில் பதினாறு பக்கம் கொண்ட இருபது ஃபாரம். ஒரு குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஒரு ராத்திரி அப்பா மாடிப்படியில் விழுந்து சாகிறார். விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா என்பது கடைசிவரை தெரியாது. முப்பது வருடம் கழித்து மூத்த மகள் இந்தக் கதையைச் சொல்கிறாள். ஆனால் நாவலின் இருட்டு அந்தச் சாவில் இல்லை. அந்த வீட்டில் எது நடந்தாலும் மறுநாள் காலையில் அம்மா அதை நடக்காததாக்கிவிடுவாள். “அப்படி ஒண்ணும் நடக்கல. நீ கனவு கண்டிருப்ப.” இதை ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திச் சொல்ல மாட்டாள். பிள்ளையின் தலையை வருடிக்கொண்டே சொல்வாள்.

நாவல் எது வந்தாலும் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொள்வது என் வழக்கம். பாத்திரத்தின் பெயர், வயது, உடம்பில் ஏதாவது அடையாளம், வீட்டில் எந்த அறை எந்தப் பக்கம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் எல்லாம் அதில் ஏறும். மூன்றாம் அத்தியாயத்தில் சுருட்டைமுடியோடு இருந்தவர் பத்தாம் அத்தியாயத்தில் வழுக்கையாகிவிட்டால் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த நாவலுக்கு அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது. தம்பியின் தீக்காயம் ஓரிடத்தில் இடது கை, இன்னோரிடத்தில் வலது கை. மாடிப்படி முதலில் பதினொன்று, அப்புறம் பதின்மூன்று. கதவு பச்சையாக இருந்து நீலமாக மாறியது. எழுதியவர் அசிரத்தையானவர் என்று முடிவு கட்டினேன்.

அதைவிடப் பெரிய வேலை ‘அவன்’. மகள் தன் அப்பாவைப் புத்தகம் முழுக்க ‘அவர்’ என்கிறாள். திடீரென்று நடுவில் நாலைந்து வரி ‘அவன்’ என்கிறாள். “அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். விளக்கை அணைத்தார். கதவைத் தாழிட்டான்.” நம் மொழியில் இதைக் கணினியில் தேடி மாற்றிவிட முடியாது. ‘அவன்’ போனால் ‘தாழிட்டான்’, ‘நின்றான்’, ‘சிரித்தான்’ எல்லாம் கூடவே போக வேண்டும். பல இடங்களில் ‘அவன்’ என்ற சொல்லே இருக்காது, வினைமுற்றில் மட்டும் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்தேன். 43 இடம். சிவப்பு மையில் எல்லாவற்றையும் ‘ஆர்’ ஆக்கிவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு அனுப்பினேன்.

பத்து நாளில் பிரதி திரும்பி வந்தது. என் சிவப்புத் திருத்தங்களுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள், ஓரத்தில் ‘ஸ்டெட்’. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். லத்தீன் சொல், ‘நிற்கட்டும்’ என்று அர்த்தம். திருத்தியதை விட்டுவிடு, பழையபடியே இருக்கட்டும் என்பதற்கான குறி. நான் அடுத்தவர் திருத்தத்துக்கு எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். என் திருத்தத்துக்கு 43 தடவை யாரும் போட்டதில்லை. முதல் புள்ளிவரிசைக்குப் பக்கத்தில் மட்டும் எழுத்தாளர் பென்சிலில் எழுதியிருந்தார்: “அந்த ராத்திரியை நெருங்கும்போதெல்லாம் இவளுக்கு மரியாதை நழுவிவிடுகிறது. அவளுக்கே தெரியாமல் நழுவுகிறது. நீங்கள் அவளை ஒழுங்காகப் பேச வைத்துவிட்டீர்கள். அம்மா செய்வதும் இதைத்தான்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. படிக்கிறவன் இதை எழுத்தாளரின் நுட்பம் என்றா எடுத்துக்கொள்வான், அச்சுப் பிழை என்றுதான் நினைப்பான், திட்டு எனக்குத்தான் விழும் என்று பொறுப்பாசிரியரிடம் போய்ப் பொருமினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, “வில்லியம் ஃபாக்னர் கதை தெரியுமா?” என்றார்.

அமெரிக்க எழுத்தாளரான ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி’ நாவல் 1929இல் வந்தது. சிதைந்துபோகிற ஒரு குடும்பத்தின் கதை. முதல் பகுதியைச் சொல்லும் பெஞ்சிக்கு நேற்றும் இருபது வருடத்துக்கு முந்தையதும் ஒன்று. காலம் தாவுகிற இடங்களைக் காட்ட ஃபாக்னர் சாய்வெழுத்து போட்டிருந்தார். பதிப்பகத்தில் இருந்த அவருடைய நண்பர் பென் வாசன், வாசகர் குழம்பக் கூடாதே என்று சாய்வெழுத்தை எடுத்துவிட்டு இடைவெளி விட்டார். நல்ல எண்ணம்தான். மெய்ப்பைப் பார்த்த ஃபாக்னர் கொதித்துப்போய்ச் சாய்வெழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒவ்வொரு காலத்தையும் ஒவ்வொரு நிற மையில் அச்சடிக்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்பது அவருடைய ஆசை. 2012இல்தான் ஒரு பதிப்பு அப்படிப் பல நிறத்தில் வந்தது. “அந்த வாசன் நீங்கதான்” என்றார் பொறுப்பாசிரியர். சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் மெய்ப்பை ஒத்துப்பார்த்துப் படித்தோம். பழைய முறை. ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் சரிபார்ப்பார். நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாயால் சொல்ல வேண்டும். என்னோடு படித்த அக்கா இதில் கைதேர்ந்தவர். ஏற்ற இறக்கம் இல்லாமல், கணக்கு ஒப்பிப்பதுபோல் போய்க்கொண்டே இருப்பார். “மேற்கோள் திற நான் எப்பம்மா உன்னை அடிச்சேன் கேள்விக்குறி நீயே விழுந்துட்டு கமா இப்ப என்னைச் சொல்றியா கேள்விக்குறி மேற்கோள் மூடு அம்மா சிரித்தாள் முற்றுப்புள்ளி.” அந்த மொட்டைக் குரலில் கேட்டபோதுதான் அந்த வீட்டுக்குள் நான் முதல் தடவையாகப் போனேன். அம்மாவின் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும். அன்று மத்தியானம் அக்கா ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டு, “தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று எழுந்து போனார். கால்மணி நேரம் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

அந்த அம்மாவின் பேச்சில் ‘முன் வரியோடு முரண்’ என்று நான் ஓரத்தில் போட்ட குறிகள் நிறைய. கிட்டே கூப்பிடுவாள், பிள்ளை வந்தால் விறைத்துக்கொள்வாள், பிள்ளை ஒதுங்கினால் ‘என் மேல பாசமே இல்லை’ என்பாள். பிற்பாடு தற்செயலாகத்தான் மானிடவியலாளர் கிரிகரி பேட்சனும் மற்ற மூவரும் 1956இல் எழுதிய கட்டுரையைப் பற்றிப் படித்தேன். அதில் அச்சாக இதே காட்சி. மருத்துவமனையில் இருக்கும் மகன் பார்க்க வந்த அம்மாவின் தோளில் கைபோடுகிறான். அவள் உடம்பு விறைக்கிறது. கையை எடுத்துக்கொள்கிறான். ‘என் மேல் இப்போது அன்பில்லையா’ என்று கேட்கிறாள். எதைச் செய்தாலும் தப்பாகிற இந்த இக்கட்டை அவர்கள் இரட்டைப் பிணைப்பு என்றார்கள். மனச்சிதைவு இதனால்தான் வருகிறது என்று அவர்கள் சொல்லவந்தது பிறகு நிற்கவில்லை. ஆனால் அந்தக் காட்சி பொய்யில்லை. நான் பிழை என்று குறித்து வைத்திருந்தேன்.

இதற்காக எல்லாத் தப்பையும் கலை என்று விட்டுவிட முடியாது. நினைவு தடுமாறுகிற கதைசொல்லி என்ற பெயரில் சோம்பேறித்தனத்தை ஒளித்துவைக்கிறவர்களும் உண்டு, பார்த்திருக்கிறேன். அதனால் மூன்றாம் மெய்ப்பில் எதையும் திருத்தாமல், சந்தேகங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். 37 கேள்வி. படிக்கட்டு மாறுவது வேண்டுமென்றே செய்தது என்றார் எழுத்தாளர், பயம் கூடும்போது படியும் கூடுகிறதாம். தீக்காயமும் அப்படித்தான். கதவின் நிறத்துக்கு மட்டும், “ஐயோ, இது என் தூக்கக்கலக்கம், பச்சையே போடுங்கள்” என்று எழுதியிருந்தார். மொத்தம் ஒன்பது நிஜமான தப்பு. அந்த ஒன்பதைத் திருத்தும்போது, இவ்வளவு நாள் எழுதியவரைக் கேட்காமல் எத்தனை புத்தகங்களில் எத்தனை கதவுக்கு வண்ணம் பூசியிருப்பேன் என்று யோசனை ஓடியது.

புத்தகம் வந்து மூன்று மாதம் கழித்து ஒரு வாசகரிடமிருந்து பதிப்பகத்துக்குக் கடிதம். பக்க எண் போட்டு ஒன்பது பிழைகளைப் பட்டியலிட்டு, ‘உங்கள் மெய்ப்புத் திருத்துநர் தூங்கிவிட்டாரா?’ என்று கேட்டிருந்தார். எட்டு இடம் ‘அவன்’. பொறுப்பாசிரியர் அந்தக் கடிதத்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்பதாவதைப் போய்ப் புத்தகத்தில் பார்த்தேன். அப்பாவின் சட்டையில் இருந்தது ‘கறை’. ‘கரை’ என்று அச்சாகியிருந்தது. மூன்று மெய்ப்பிலும் என் கண்ணைத் தாண்டிப் போயிருக்கிறது. அடுத்த பதிப்புக்கான கோப்பில் அதை மட்டும் திருத்தி வைத்தேன்.