ஒரு குப்பியில் இரண்டு பாலிப்

கொலோனோஸ்கோபியில், அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும்போதே, பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டி) என்ன வகை என்று சொல்லப் பழகுவதுதான் கடினம் என்று நினைத்து அந்தப் பயிற்சியில் சேர்ந்தேன். அது மூன்று மாதத்தில் ஓரளவு கைவந்துவிட்டது. நான் சொன்னது சரியா, தவறா என்று தெரிந்துகொள்வதற்குத்தான் ஒன்றே கால் வருடம் பிடித்தது. சான்றிதழ் வந்துவிட்டது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மதுரைப் பக்கம் இதே பயிற்சியைத் தொடங்கப்போகிறவர்கள் என்னைப்போல் அலைய வேண்டாம் என்று எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொன்ன கணக்கு ஐம்பது பாலிப். ஒவ்வொன்றுக்கும் வெள்ளை ஒளியில் ஒரு படம், என்.பி.ஐ. எனும் நீல, பச்சை ஒளியில் ஒரு படம், வெட்டும் முன்பே எழுதிவைக்கும் கணிப்பு, பக்கத்தில் ‘உறுதி’ அல்லது ‘ஐயம்’ என்று ஒரு சொல், கடைசியில், வெட்டிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் பேத்தாலஜி அறிக்கை. மேல்நாடுகளில் அகப்படுகிற அளவுக்கு நம் ஊர்க் குடலில் பாலிப் அகப்படாது. நோயாளிக்கு அது நல்ல சேதிதான், குறிப்பேட்டை நிரப்ப வேண்டியவளுக்கு இல்லை. கிடைத்ததில் ஒன்று வீணானாலும் வயிறு எரியும்.

படம் பார்த்துப் பழகும் பாடங்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. என்.பி.ஐ. படத்தை வைத்துப் பாலிப்பைப் பிரிக்கும் நைஸ் (NICE) வகைப்பாட்டின் மூன்று வகைகளையும் எங்கள் எண்டோஸ்கோபி அறையின் மூத்த செவிலியர் அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: “முதலாவது, புள்ளி வைத்ததோடு விட்டுவிட்ட கோலம். இரண்டாவது, சிக்குக் கோலம். மூன்றாவது, மாடு மிதித்த கோலம்.” பெரும்பாலும் ஆபத்தில்லாத ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பில் சீரான புள்ளிகள், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய அடினோமாவில் வெண்ணிற வளைவுகளைச் சுற்றியோடும் பழுப்பு இரத்தக்குழாய்கள், ஆழத்தில் ஊடுருவிய புற்றில் எல்லாம் கலைந்து கிடக்கும். 415, 540 நானோமீட்டர் ஒளியை இரத்தம் உறிஞ்சுவதால் குழாய்கள் கறுத்துத் தெரிகின்றன என்பதை நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். தேர்வில் கைகொடுத்தது அக்காவின் மாடுதான்.

முதல் அடி எங்கள் அச்சுத் தாளிலிருந்தே விழுந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். குழாய் உள்ளே போனால் எங்கும் சோற்றுப் பருக்கை. உறிஞ்சும் வழி இரண்டு முறை அடைத்துக்கொண்டது. குடல் எவ்வளவு சுத்தம் என்று அளக்கும் பாஸ்டன் மதிப்பெண், வலப்பக்கக் குடலுக்கு மூன்றுக்கு 1. வெளியே எடுத்துவிட்டு, “ஐயா, என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கொஞ்சம் கடுப்போடுதான் கேட்டேன். “நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் தாயி. நீராகாரம் மட்டும். வெங்காயம்கூடக் கடித்துக்கொள்ளவில்லை” என்றார். தாளை எடுத்துப் பார்த்தேன். ‘முந்தைய நாள் முழுவதும் நீராகாரம் மட்டும் அருந்தவும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் பழைய சோற்றுத் தண்ணீரைப் பருக்கையோடு குடித்திருக்கிறார். பிழை அவருடையதா? இப்போது எங்கள் தாளில் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, சர்க்கரைத் தண்ணீர் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறோம். உங்கள் மருத்துவமனைத் தாளை இன்றே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது குப்பி. பேத்தாலஜி மேசையில் இருந்த எழுத்தருக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு நோயாளிக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு குப்பி. இடப்பக்கம் சிக்மாய்டு குடலில் எடுத்ததும் வலப்பக்கம் ஏறுகுடலில் எடுத்ததும், துண்டு கெடாமல் காக்கும் ஒரே ஃபார்மலினில் சேர்ந்து மிதக்கும். மூன்று வாரம் கழித்து, ‘ஒரு துண்டில் அடினோமா, மற்றொன்றில் ஹைப்பர்பிளாஸ்டிக்’ என்று அறிக்கை வரும். எது எந்தத் துண்டு? குப்பியைத்தான் கேட்க வேண்டும். இப்படிப் பதினொரு பாலிப் என் குறிப்பேட்டிலிருந்து அடிபட்டன. “கணினி ஏற்காது மேடம்” என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வராது. கடைசியில் பொறுமையிழந்து பேத்தாலஜி மருத்துவரையே நேரில் போய்ப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். அ, ஆ, இ என்று குப்பிகளைப் பிரித்துப் பதிய அங்கே தனிக் கட்டமே இருந்தது. நான்கு மாதம் யாரும் அந்தப் பக்கத்தைக் கீழே நகர்த்தவில்லை. (தனியார் ஆய்வகம் என்றால் குப்பிக்கு இவ்வளவு என்று பணம் கேட்கலாம். நோயாளியின் பை கனக்கிறதா என்று முதலில் பாருங்கள்.)

குப்பியில் பென்சிலால் எழுதுங்கள். ஃபார்மலின் பட்டால் பேனா மை கரைந்து ஓடும். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் இடம் மாறும். மூன்று மில்லிமீட்டர் பாலிப் உறிஞ்சு குழாயோடு போய்விடாமல் இருக்க, பாட்டிலுக்குள் விழும் முனையில் காஸ் துணி கட்டச் சொல்லிக்கொடுத்ததும் அதே அக்காதான்.

பிறகு சென்னை. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பென்டிரைவைப் பையோடு அணைத்துக்கொண்டு போனேன். மதிப்பீட்டாளர் முதல் படத்தைத் திறந்தார், மூடினார். இடது மூலையில் நோயாளியின் பெயர், வயது எல்லாம் பளிச்சென்று இருந்தன. “மறைத்துக்கொண்டு வாருங்கள்.” அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் இன்னும் கோபம். அன்றிரவே மதுரைக்குத் திரும்பினேன். ஒவ்வொரு படத்திலும் மூலையை வெட்டியே இரண்டு ஞாயிறுகள் போயின. படம் எடுக்கும்போதே பெயரை மறைக்கும் வசதி உங்கள் இயந்திரத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எங்களுடையதில் இருந்தது.

என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். ஏறுகுடலில் எட்டு மில்லிமீட்டர், தட்டையாக, வெளிறி ஒன்று. ‘முதல் வகை, உறுதி’ என்று எழுதினேன். அறிக்கையில் செசைல் செரேட்டட் என்று வந்தது, அதுவும் புற்றாக மாறக்கூடிய வகை. நைஸ் வகைப்பாட்டில் அதற்கென்று தனி இடமே கிடையாது, முதல் வகைக்குள் ஒளிந்துகொள்ளும். 2016-இல் வந்த வாஸ்ப் முறை இதற்கு நான்கு அடையாளம் சொல்கிறது: மேகம் படர்ந்ததுபோன்ற மேற்பரப்பு, தெளிவில்லாத விளிம்பு, ஒழுங்கற்ற வடிவம், குழிகளுக்குள் கரும்புள்ளி. இரண்டு இருந்தால் போதும். என் படத்தில் மூன்று இருந்தன. அதன்மேல் சளித் தொப்பி வேறு உட்கார்ந்திருந்தது, இந்த வகையைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு அடையாளம் அது. படம் அழகாக வரட்டும் என்று நானே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுத்தான் படமெடுத்தேன்.

அதற்குப் பிறகு ‘உறுதி’ என்று எழுதுவதில் கஞ்சத்தனம் வந்துவிட்டது. மலக்குடலிலும் சிக்மாய்டிலும் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருப்பதை வெட்டாமல் விட வேண்டுமானால், ‘அடினோமா இல்லை’ என்று உறுதியாகச் சொன்னவற்றில் குறைந்தது 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கம் 2011-இல் வரம்பு வைத்தது. ஐயமாக எழுதியவை அந்தக் கணக்கில் சேரா. ஐயத்தை ஐயம் என்றே எழுதுங்கள். பயிற்சி முடியும்வரை எதையும் வெட்டாமல் விடாதீர்கள்.

ஐம்பதாவது பாலிப் போன மாதம் கிடைத்தது. ஒரே நோயாளிக்கு நான்கு. குப்பிகளைக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே அந்த எழுத்தர் படிவத்தோடு ஓடி வந்தார். “மேடம், ‘ஈ’ வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். ‘இ’ வரைக்கும்தான் குப்பி இருக்கிறது. நான்காவது எங்கே?” என் கோட்டுப் பையில் இருந்தது.